எண்பத்தெட்டு நாள் கணக்கு

1986 ஆகஸ்டில் என் நாத்தனார் லீவில் வந்தபோது மூன்று டின் பால் பவுடர் கொண்டுவந்தார். அவர் ஜெர்மனியில் நர்ஸாக இருந்தார். அவர் பெட்டியைத் திறந்தால் தல்லாகுளத்தில் எங்கள் வீடு முழுக்க சோப்பும் சென்ட்டுமாக மணக்கும். அந்தத் தடவை என் மகளுக்கு ஒன்றரை வயது. அதனால் சாக்லேட்டைக் குறைத்துக்கொண்டு பால் பவுடரைச் சுமந்து வந்திருந்தார். நீல டின், அதன் மேல் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. "தண்ணியக் கொதிக்க வச்சு, ஆறவச்சுக் கலக்கு. பச்சத் தண்ணியில கலக்கிறாத" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நர்ஸ் அல்லவா, சொல்லாமல் இருக்க மாட்டார்.

என் கணவர் கோர்ட்டில் கிளார்க். அவர் டின்னைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் குத்தியிருந்த தேதியைப் பார்த்தேன். மே மாதக் கடைசி.

அந்தத் தேதி என்னை உறுத்தியது. ஏப்ரல் கடைசியில்தான் சோவியத் ருஷ்யாவில் செர்னோபில் அணு உலை வெடித்திருந்தது. அந்தப் புகையையும் தூசியையும் காற்று ஐரோப்பா முழுக்கத் தூக்கிக்கொண்டு போய், மழை பெய்த ஊரிலெல்லாம் இறக்கிவிட்டது என்று பேப்பரில் படித்திருந்தேன். புல்லின் மேல் விழுந்ததை மாடு தின்னும். மாடு தின்றது பாலில் வரும். அந்தப் பாலைத்தான் மே மாதத்தில் யாரோ மாவாக்கி இந்த டின்னுக்குள் அடைத்திருக்கிறார்கள்.

நான் ஒரு மிஷன் பள்ளியில் பிளஸ் டூ பெண்களுக்கு பிஸிக்ஸ் நடத்தினேன். அணுவைப் பற்றிய பாடம் என் செல்லப் பாடம். அந்தப் பாடம் வரும் வாரத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறிவிடும். போர்டில் ஒரு வளைகோட்டை வரைவேன். மேலே இடது ஓரத்தில் தொடங்கி, சறுக்குமரத்தில் வருகிற மாதிரி சர்ரென்று இறங்கி, பிறகு சோம்பிப்போய்த் தரையோடு தரையாக நீளும் கோடு. கதிரியக்கத்தை அணைக்க முடியாது, கழுவ முடியாது, கொதிக்கவைத்தும் போக்க முடியாது, அதுவாகத்தான் தேய வேண்டும் என்று சொல்வேன். அயோடின் என்றால் எட்டு நாளில் பாதி. அடுத்த எட்டு நாளில் அந்தப் பாதியில் பாதி. எந்தப் பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், அப்படி நடத்துவேன்.

பேப்பரிலும் அயோடினைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தார்கள். அதனால் காலண்டரை எடுத்து எண்ணினேன். டின்னில் இருந்த தேதியிலிருந்து அன்றைக்கு எண்பத்தெட்டு நாள். எட்டால் வகுத்தால் மீதியில்லாமல் பதினொன்று. பதினொரு தடவை பாதியானால் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு பங்கு. கணக்கு அவ்வளவு சுத்தமாக விழுந்ததில் எனக்கு ஏக சந்தோஷம்.

"அப்ப பயமில்லைங்கிற?" என்றார் கணவர்.

"இருந்தாலும் ரெண்டாயிரத்துல ஒரு பங்குதான் இருக்கும்."

"அப்பப் பாப்பாவுக்குக் கலக்கிக் கொடு."

"வேண்டாம்."

"அதான் ஒண்ணுமில்லைன்னுட்டியே?"

"எதுக்கு வம்பு" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கணக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தவள் ஏன் அப்படிச் சொன்னேன்? ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு மூலைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மூலையை என் பிள்ளைக்காக மட்டும் திறந்தேன். மறுநாள் வகுப்பில் அதையே கணக்காகப் போட்டேன். 'ஒரு பொருளின் அரை ஆயுள் எட்டு நாள் எனில், எண்பத்தெட்டு நாளில் எவ்வளவு மிஞ்சும்?' பெண்கள் ஐந்தே நிமிடத்தில் போட்டுக் காட்டினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போது லேபில் பீக்கர் கழுவவும் மேஜை துடைக்கவும் ஒரு ஆயா இருந்தாள். ஆயா என்றுதான் கூப்பிடுவோமே தவிர வயது இருபத்தைந்துதான் இருக்கும். சமயநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். நிரந்தர வேலை இல்லாததால் பிள்ளை பெற்ற நாற்பதாம் நாளே திரும்பி வந்துவிட்டாள். குழந்தைக்கு நாலு மாதம். பகலில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள்.

"பால் வத்திப் போச்சு டீச்சர்" என்றாள் அன்று மத்தியானம். "கடைப்பாலு வாங்கித் தண்ணி ஊத்திக் கொடுக்கிறேன். வயிறு நெறைய மாட்டேங்குது, அழுதுக்கிட்டே கெடக்கா."

எங்கள் பள்ளி டீச்சர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் வேண்டாததெல்லாம் ஆயா வீட்டுக்குப் போகும். சாயம் போன சேலை, கிறிஸ்துமஸுக்கு வந்து மிஞ்சிய கேக், சின்னதாகிப் போன கவுன், தித்திப்பு கூடிப்போன அல்வா. கொடுக்கிறவர்களுக்கு மனசு குளிரும். வாங்குகிறவள் இரண்டு கையாலும் வாங்குவாள். இதில் தப்பு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை. மறுநாள் இரண்டு டின்னைப் பையில் போட்டுக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். மூன்றாவது டின்னைக் கணவர் ஷோகேஸில், கண்ணாடி வாத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"ஃபாரினா டீச்சர்!" அவளுக்கு வாயெல்லாம் பல். "ஒங்க பாப்பாவுக்கு இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நீ கொண்டு போ."

உதவி என்றுதான் அதற்கு நான் பேர் வைத்திருந்தேன். என் வீட்டுச் சந்தேகத்தை அவள் தலையில் கட்டிவிட்டேன் என்பதுதான் உண்மை.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு வந்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கை கால் மடிப்பு விழுந்து உருண்டையாக இருந்தது. "எல்லாம் ஒங்க பவுடருதான் டீச்சர். ரெண்டாவது டின்னப் பிரிச்சிட்டேன்" என்றாள். மற்ற டீச்சர்கள் என்னைப் பார்த்து, நல்ல மனசு என்றார்கள். குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு நானும் சிரித்தேன்.

காலாண்டுப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் எடுத்த நாளில்தான் எல்லாம் குலைந்தது. அரை ஆயுளில் புதிதாக ஒரு கணக்குப் போட வேண்டும். அயோடின் வகுப்பிலேயே வந்துவிட்டதால் வேறு பொருளுக்காக என் பி.எஸ்ஸி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணையைத் திறந்து, பேனாவால் மேலிருந்து கீழே வந்தேன். அயோடின் எட்டு நாள். இரண்டு வரி தள்ளி சீசியம் முப்பது வருஷம்.

பேனா அங்கேயே நின்றுவிட்டது. யுரேனியம் பிளந்தால் அயோடின் மட்டும் வருவதில்லை, பல பொருள்கள் வரும், அதில் சீசியமும் ஒன்று என்பது அதே புத்தகத்தில் நடுவில் ஒரு பாடமாக இருக்கிறது. அதில் நான் முழு மார்க் வாங்கியவள். வெடித்த முதல் வாரங்களில் கதிரியக்கம் மளமளவென்று குறைவது குறுகிய ஆயுள்காரர்கள் முதலில் தீர்ந்துபோவதால்தான். அவர்கள் தீர்ந்த பிறகு நீண்ட ஆயுள்காரர்கள் மிஞ்சுவார்கள். குறைகிற வேகம் படுத்துவிடும். நான் போர்டில் வரைந்த கோடும் அப்படித்தான் தரையோடு நீண்டது. ஆனால் அது ஒரே பொருளின் கோடு. விழுந்த சாம்பலில் இருந்தவையோ பல பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. நான் எனக்குப் பிடித்த கோட்டை மட்டும் எடுத்து எண்ணியிருக்கிறேன். மீதியில்லாமல் வகுபட்டதும் மயங்கிப்போனேன்.

இன்னொன்றும் உறைத்தது. வயல்வெளியில் விழுந்ததையாவது மழை கழுவும், மண் இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த மழைக்கு முளைக்கிற புல்லில் அவ்வளவு ஏறாது. ஊர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாகும். டின்னுக்குள் மழையும் இல்லை, மண்ணும் இல்லை. மே மாதத்தில் அடைத்தது அப்படியே இருக்கும். ஒரு ஆள் பிறந்து வளர்ந்து பிள்ளை பெறுகிற காலத்தில்தான் அது பாதியாகும்.

அன்று ராத்திரி கணவரிடம் சொன்னேன். "அதான் முக்காவாசி குடிச்சு முடிச்சிருக்குமே. இனிமே சொல்லி என்ன ஆகப் போகுது? அவ பயந்தே செத்துருவா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. வழக்கு நடக்கிற இடத்திலேயே இருந்து இருந்து, வாயைத் திறக்காதவனுக்குச் சேதம் குறைவு என்று படித்துக்கொண்டவர். எனக்கும் அது இதமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது டின் இன்னும் தீரவில்லை. நான் வாயை மூடியிருக்கிற ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தை இரண்டு வேளை குடிக்கும்.

என்னோடு படித்தவள் ஒருத்தி கல்லூரியில் வேலை பார்த்தாள். அங்கே கதிரியக்கத்தை எண்ணுகிற கவுண்டர் ஒன்று இருந்தது. ஷோகேஸிலிருந்த டின்னை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். டின்னை வைத்துப் பத்து நிமிடம், வைக்காமல் பத்து நிமிடம் என்று எண்ணினோம். கவுண்டர் டக்டக்கென்று சத்தம் போட்டது. முதல் தடவை டின் வைத்தபோது கொஞ்சம் கூடுதலாக வந்தது. மறு தடவை கொஞ்சம் குறைவாக வந்தது.

"இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாதுடி" என்றாள் அவள். "லேசா இருந்தா இந்த மிஷின் காட்டாது. பெரிய எடத்துல கொடுத்துதான் பாக்கணும். ஏன், ஒம் மகளுக்குக் கொடுத்துட்டியா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு இம்புட்டுப் பதறுற?"

டின்னை மஞ்சப்பைக்குள் திணித்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

பள்ளியில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் முயன்றேன். ஒருநாள் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். மறுநாள் யாருமே இல்லை, இருந்தும் மேஜையைச் சரியாகத் துடைக்கவில்லை என்று அவளைக் கடிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். கோழை என்றால் நான்தான். சனிக்கிழமை காலையில் கடையில் நம்மூர்ப் பால் டின் ஒன்று வாங்கிக்கொண்டு சமயநல்லூருக்கு பஸ் ஏறினேன்.

ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு. குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. "டீச்சரா! சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல" என்று பதறி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் பக்கத்து வீட்டம்மாவைக் கடைக்கு அனுப்பி ஒரு கலர் சோடா வாங்கிவரச் சொல்லிவிட்டாள்.

"அந்த டின்ன எடுத்துக் கொடு. இத வச்சுக்க" என்றேன்.

"ஏன் டீச்சர், ஒங்க நாத்தனா திருப்பிக் கேட்டாகளா?"

"இல்ல. அதுல ஒரு கோளாறு இருக்கலாம்னு சந்தேகமா இருக்கு."

பிறகு சொன்னேன். வெடித்தது, மழை, புல், மாடு, பால். அதில் ஒருவேளை கலந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது, ருசியும் இருக்காது. சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று நினைத்தேன், ஆனால் அதில் தேயாத வகையும் ஒன்று உண்டு. வகுப்பில் அவ்வளவு சரளமாக வருகிற வாய் அங்கே குழறியது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒங்க பாப்பாவுக்கும் இதத்தானே டீச்சர் கொடுக்கிறீக?"

"ஆமா" என்றேன்.

எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்துவிட்டது.

"அப்பறம் என்ன டீச்சர்! ஈரக்கொலையப் பதற வச்சிட்டீகளே. ஒங்களுக்குத் தெரியாததா? ஒங்க பிள்ளைக்கு ஆகுறது எம் பிள்ளைக்கும் ஆகட்டும்." நான் கொண்டுபோன டின்னை அலமாரியில் நீல டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது தீந்ததும் அதப் பிரிக்கிறேன்."

குழந்தை முழித்து அழுதது. அவள் டம்ளரில் வெந்நீர் ஊற்றினாள், நீல டின்னைத் திறந்தாள், ஸ்பூனில் அள்ளினாள். என் கண் முன்னால். ஸ்பூன் டம்ளருக்கு மேலே வந்தபோது எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன்.

"கொடுக்கல. எம் பிள்ளைக்கு நான் ஒரு வாய்கூடக் கொடுக்கல."

அவள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்பருந்து?"

"வந்த அன்னிக்கிருந்தே."

"அப்ப அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியாதும்மா. சந்தேகம்தான் இருந்துச்சு."

"சந்தேகம்னா எனக்குக் கொடுக்கலாம்னு தோணுச்சாக்கும்" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. அவள் கத்தியிருந்தால், நாலு பேரைக் கூட்டி என்னை அசிங்கப்படுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். ஸ்பூனில் இருந்ததை டின்னுக்குள் தட்டி மூடி என் பையில் வைத்தாள். அலமாரியிலிருந்து நம்மூர் டின்னையும் எடுத்து அதே பையில் வைத்தாள். "இதுவும் வேண்டாம் டீச்சர்." பிறகு குழந்தையைத் தூக்கி, வற்றிய மார்பிலேயே வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டம்மா கலரைக் கொண்டுவந்து உடைத்து என் முன்னால் வைத்தார். அதைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைக்கவும் பிடிக்கவில்லை, கீழே வைக்கவும் பிடிக்கவில்லை. பவுடரை எங்கே கொட்டுவது என்றும் தெரியவில்லை. சாக்கடையில் கொட்டினால் வைகைக்குப் போகும், குப்பையில் போட்டால் மாடு தின்னும். ஷோகேஸ் டின்னையும் சேர்த்துக் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். அதில் உண்மையில் ஏதாவது இருந்ததா, வெறும் பால் மாவைத்தான் புதைத்தோமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் வேலையை விடவில்லை, விட முடியாது. என்னிடம் முகம் கோணாமல்தான் பேசினாள். ஆனால் என் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் நீட்டிய புதுச் சேலையைக்கூட, "வேற யாருக்காச்சும் கொடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். ஒருநாள் மட்டும் மேஜையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒடம்ப விட்டுப் போக எம்புட்டு நாளாகும்?"

அதற்குள் நான் தேடிப் படித்திருந்தேன். சீசியம் தேய முப்பது வருஷம் என்றாலும் உடம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிடும், சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகக் கழிக்கும். "இனிமே கொடுக்காம இருந்தா சில மாசத்துல முக்காவாசி போயிரும்" என்றேன்.

"நெசமா, இல்ல இதுவும் ஒங்க கணக்கா?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு. நான் அளந்து பாத்ததில்ல."

தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.

அதன் பிறகு அவள் லீவு போட்ட நாளிலெல்லாம் எனக்கு வகுப்பு ஓடாது. குழந்தைக்குக் காய்ச்சல், குழந்தைக்கு அம்மை, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. எந்தக் குழந்தைக்கும் வருவதுதான். என் மகளுக்கும் வந்தது. என் மகளுக்கு வந்தபோது மருந்து கொடுத்தேன். அந்தக் குழந்தைக்கு வந்தபோது, காரணம் நானாக இருக்குமோ என்று கணக்குப் போட்டேன். அதை யாரிடம் சொல்வது? அணுப் பாடத்தை மட்டும் தொடர்ந்து நடத்தினேன். போர்டில் ஒரு கோட்டுக்குப் பதில் நாலைந்து கோடு வரைந்தேன். எல்லாம் சேர்ந்தால்தான் மண்ணில் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியும், முதலில் எவ்வளவு விழுந்தது என்று தெரியாவிட்டால் அதுவும் தெரியாது என்று சொன்னேன். பரீட்சைக்கு வராத விஷயத்தை எதற்கு நடத்துகிறேன் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார்.

மூன்று வருஷம் கழித்து எங்கள் பள்ளி ஸ்போர்ட்ஸ் டே. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரெட்டைச் சடை, ரோஸ் கவுன். வெயிலில் பந்தலுக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்த பிள்ளை, என் மடியில் பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு முன்னால் வந்து நின்றது. அதற்கு என்னைத் தெரியாது. ஒன்றை எடுத்து நீட்டினேன். அது கை நீட்டுவதற்குள் அவள் பின்னாலிருந்து வந்து அந்த பிஸ்கட்டை வாங்கிக்கொண்டாள். இரண்டாக ஒடித்து ஒரு பாதியை என்னிடமே நீட்டினாள்.

"மொதல்ல நீங்க சாப்பிடுங்க டீச்சர்."

பக்கத்து நாற்காலிகளில் மற்ற டீச்சர்கள் இருந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் வாங்கி வாயில் போட்டேன். மென்று விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் மற்ற பாதியை மகள் கையில் கொடுத்தாள்.